புளோரைடு ப்ராஜெக்ட்: 60 போர்வெல், 300 வீடு, 4 மாதம். திட்டத்தில் எங்கே ஓட்டை?

நீர்_நான்கு கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருடம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்யும் ஆய்வு. தலைப்பு: 'தருமபுரி மாவட்டக் குடிநீரில் புளோரைடும் மக்கள் நலனும்'. களம் பென்னாகரம், பாலக்கோடு ஒன்றியங்கள். டிசம்பரில் தொடங்கி மார்ச்சுக்குள் களவேலையை முடிக்க வேண்டும்.

இப்போதைய திட்டம்: 60 ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் எடுப்பது. 300 வீடுகளில் கேள்வித்தாள் (பல்லில் கறை உண்டா, மூட்டு வலி உண்டா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்). பிறகு புளோரைடு அளவுக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் பார்ப்பது.

துறையில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருக்கிறது, ஸ்பேட்ன்ஸ் என்ற சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கும் முறையில் செய்கிறோம். புளோரைடை மில்லிவோல்ட்டில் காட்டும் அயனி மின்முனை வேதியியல் துறையில் ஒன்று இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஒத்திகைக்கு எடுத்த ஒரு மாதிரி முதல் நாள் 1.2 மி.கி./லி. காட்டியது. அதே பாட்டில் நான்கு நாள் கழித்து 0.9. மூடி திறக்கவே இல்லை. இன்னொரு மாதிரி 2.1 காட்டியது, பாதிக்குப் பாதி நீர்த்துப் பார்த்தால் கணக்குப்படி 3.0 வருகிறது. எதை நம்புவது?

பெருக்கமாகச் செய்வதைவிடச் சரியாகச் செய்தால் போதும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்?

குடுவை எழுதியது:

இரண்டாவது சந்தேகம் எளிது. ஸ்பேட்ன்ஸ் முறையில் லிட்டருக்கு 1.4 மி.கி. வரைதான் அளவீட்டுக் கோடு (தெரிந்த அளவுகளை வைத்து வரைவது) நேராகப் போகும். அதற்கு மேல் சாயம் ஏற்கனவே வெளுத்துவிட்டதால் கருவி குறைத்தே காட்டும். ஆகவே 2.1 தவறு, நீர்த்து எடுத்த 3.0 உண்மைக்குப் பக்கம். அதையும் நாலில் ஒரு பங்காக நீர்த்து இன்னொரு முறை பாருங்கள். பாதியாக நீர்த்தது 1.5-இல் நிற்கிறது, அதுவே வரம்புக்கு வெளியே.

முதலாவதுதான் கவனிக்க வேண்டியது. அந்த மாதிரி போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? குழாய் என்றால் என் முதல் சந்தேகம் குளோரின். இந்த முறையில் புளோரைடு கூடக் கூட நிறம் குறையும், 570 நானோமீட்டரில் அதைத்தான் அளக்கிறோம். எஞ்சிய குளோரினும் அதே சாயத்தை வெளுக்கும். கருவிக்கு எதனால் வெளுத்தது என்று தெரியாது, எல்லாவற்றையும் புளோரைடு கணக்கில் எழுதிவிடும். நான்கு நாளில் குளோரின் தானாகக் குறையும், அளவும் இறங்கும். இதே குழாயில் புதிதாகத் தண்ணீர் பிடித்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் மட்டும் சோடியம் ஆர்சனைட் கரைசல் (லிட்டருக்கு 5 கிராம்) ஒரு சொட்டு விடுங்கள். 0.1 மி.கி. குளோரினுக்கு ஒரு சொட்டு போதும். இரண்டும் வேறு வேறு அளவு காட்டினால் குற்றவாளி அகப்பட்டது. ஆர்சனைட் கொடிய விஷம். வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அவரை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

போர் தண்ணீர் என்றால் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை நேராக ஊற்றினால் அளவு மாறும். மாதிரியும் ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஒரே அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் போட்ட கோட்டையே நாலாம் நாளும் வைத்துக்கொண்டீர்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் புதுக்கோடு போட வேண்டும்.

ஸ்டாண்டர்டு தயாரிப்பு: நீரற்ற சோடியம் புளோரைடு 221 மி.கி. ஒரு லிட்டரில் கரைத்தால் 100 மி.கி./லி. அதைப் பத்து மடங்கு நீர்த்தால் 10 மி.கி./லி. இதில் 1, 2, 3 என்று 7 மி.லி. வரை எடுத்து 50 மி.லி. ஆக்கினால் 0.2 முதல் 1.4 வரை ஏழு புள்ளி கிடைக்கும், வெறும் நீர் எட்டாவது. ஒவ்வொன்றிலும் கலவை வினைபொருள் (ஸ்பேட்ன்ஸ் சாயமும் ஜிர்கோனியம் அமிலக் கரைசலும் கலந்தது) சரியாக 10 மி.லி. 'சுமார் பத்து' என்று அளவு சிலிண்டரில் ஊற்றினால் அங்கேயே 0.1 போய்விடும். பிப்பெட்தான்.

பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் அதிலுள்ள பாஸ்பேட் அளவைக் கூட்டிக் காட்டும். இன்னொன்று, உலோகங்களுக்குச் செய்வது போல எல்லா மாதிரியிலும் நைட்ரிக் அமிலம் விட்டுவிடுவார்கள். புளோரைடு மாதிரிக்கு அமிலம் வேண்டாம். ஒன்றும் சேர்க்காமலே 28 நாள் தாங்கும். காரத்தன்மையை மட்டும் அன்றே பார்த்துவிடுங்கள். பி.எச்., மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றும் கிணற்றடியிலேயே.

மின்முனை கிடைக்குமென்றால் நான் அதற்கே போவேன். உங்கள் ஒன்றியங்களில் ஒகேனக்கல் நீர் வருகிறது. படிகாரம் போன்ற அலுமினிய உப்பு போட்டுத் தெளியவைத்த நீரில் மிஞ்சும் அலுமினியம் ஸ்பேட்ன்ஸ் அளவைக் குறைத்துக் காட்டும், குளோரின் கூட்டிக் காட்டும். எந்தத் தண்ணீரைப் 'பாதுகாப்பானது' என்று எழுதப் போகிறீர்களோ அதிலேயே இரண்டு பக்கமும் பிழை. மின்முனைக்கு டைசாப் (மாதிரியின் பி.எச்.சையும் அயனிச் செறிவையும் சீராக்கும்) கரைசலைச் சமபாகம் சேர்த்தால் அதிலுள்ள சி.டி.டி.ஏ. அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு புளோரைடை விடுவிக்கும். ஒரு லிட்டர் டைசாப்புக்கு: 500 மி.லி. நீரில் பனி அசிட்டிக் அமிலம் 57 மி.லி., சோடியம் குளோரைடு 58 கிராம், சி.டி.டி.ஏ. 4 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச். 5.3-க்கும் 5.5-க்கும் நடுவில் கொண்டுவந்து, ஆறியபின் ஒரு லிட்டர் ஆக்குங்கள். 1 மி.கி./லி. ஸ்டாண்டர்டுக்கும் 10 மி.கி./லி. ஸ்டாண்டர்டுக்கும் நடுவே சுமார் 58 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 54-க்குக் கீழே போனால் மின்முனை அழுக்கு, இல்லையென்றால் ஸ்டாண்டர்டு தவறு. ஸ்டாண்டர்டிலும் அதே சமபாகம் டைசாப் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக (அதே தண்ணீர் இரண்டு பாட்டிலில்) எடுங்கள். அதற்குப் புதுப்பெயர் வைத்து, சோதிப்பவருக்குத் தெரியாமல் கொடுங்கள்.

நீர்_நான்கு எழுதியது:

குடுவை சார், நன்றி. அது குழாய்த் தண்ணீர்தான். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவது. நாளைக்கே சொட்டு விட்டுப் பார்க்கிறோம்.

வால்வு எழுதியது:

சோதனையை விட்டுவிடுங்கள், 60 போர் என்ற கணக்கே எனக்கு இடிக்கிறது. அந்த 60 போரில் எத்தனையை இன்றைக்கு மனிதர்கள் குடிக்கிறார்கள்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஊர்களில் இரண்டு தண்ணீர்: ஆத்துத் தண்ணி, போர் தண்ணி. பல இடங்களில் இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் விழும். ஆற்று நீர் குறைவாக வரும் நாளில் போர் மோட்டாரைப் போட்டு நிரப்புவார்கள். திங்களன்று எடுத்த மாதிரியும் வியாழனன்று எடுத்ததும் ஒரே குழாயில் வேறு வேறு தண்ணீர்.

இதைத் தெரிந்தவர் ஒருவரே, டேங்க் ஆபரேட்டர். ஊருக்குள் போனதும் முதலில் அவரைப் பாருங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்தக் கிழமை எந்தத் தண்ணீர், கடைசியாகத் தொட்டி எப்போது கழுவியது, ஆற்று நீர் அந்தக் குக்கிராமத்துக்கு எந்த வருடம் வந்தது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். திட்டம் 2013 என்பதால் எல்லா ஊருக்கும் 2013 என்று எழுதிவிடாதீர்கள்.

என் யோசனை: 60 போர் என்று பரவாமல் 12 குக்கிராமம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் புழங்கும் போர் இரண்டு, தொட்டியடிக் குழாய் ஒன்று, ஐந்து வீடுகளின் குடம். மொத்தம் 96 மாதிரி. வீட்டில் 'கொஞ்சம் தண்ணி குடுங்க' என்று கேட்டால் விருந்தாளிக்கென்று கேன் தண்ணீரைக் கொடுப்பார்கள். 'பிள்ளைங்க குடிக்கிற குடத்துல இருந்து' என்று கேளுங்கள். அடுத்து, 'களி கிண்டுற தண்ணி எது?' அது பெரும்பாலும் வேறாக இருக்கும்.

சமையல் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொதித்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். களியில் ஊற்றிய தண்ணீர் முழுதும் களியிலேயே நிற்கும். வடிக்காமல் பொங்கும் சோறும் அப்படியே. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்: ஒருவர் 0.6 மி.கி. உள்ள ஆத்துத் தண்ணீர் 3 லிட்டர் குடிக்கிறார், 1.8 மி.கி. உள்ளே போகிறது. களி, சோறு, குழம்பு வழியாக 2.4 மி.கி. உள்ள போர் தண்ணீர் 1 லிட்டர், இன்னொரு 2.4. குடிக்கும் தண்ணீர் தரச்சான்றில் தேறிவிட்டது, ஆனால் பாதிக்கு மேல் அடுப்பங்கரை வழியாக வந்திருக்கிறது. உங்கள் கேள்வித்தாளில் இதைப் பிடிக்கக் கேள்வியே இல்லை.

அளவைக் கேட்கும்போது 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்' என்று கேட்காதீர்கள். எத்தனை சொம்பு என்று கேட்டு, அந்த வீட்டுச் சொம்பையே வாங்கி ஒரு லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றி எழுதுங்கள். வீட்டுக்கு வீடு சொம்பு மாறும். தேயிலையிலும் புளோரைடு உண்டு, ஆகையால் டீ எத்தனை கிளாஸ் என்பதும் வேண்டும்.

டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்தம்) மீட்டரை நம்பி ஊரைப் பிரிக்காதீர்கள். 400 காட்டும் தண்ணீரில் புளோரைடு 3 இருக்கலாம், 1500 காட்டும் உப்புத் தண்ணீரில் 0.8 இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் கால்சியம் புளோரைடைக் கரையவிடாமல் தடுக்கும். மென்மையாக, சோப்பு நன்றாக நுரைக்கும், சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில்தான் அது ஏறும். 'நல்லா நுரைக்குது, நல்ல தண்ணி' என்று ஊரில் சொல்லும் போரை முதலில் சோதியுங்கள்.

வெண்பல் எழுதியது:

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் பக்கத்திலிருந்து. 'பல்லில் கறை உண்டா' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். வெற்றிலை, புகையிலை, இரும்புத் தண்ணீர் எல்லாம் கறைதான். 'மூட்டு வலி உண்டா' என்பதையும். ஐம்பது வயதுக்கு மேல் வயலில் வேலை செய்பவரிடம் கேட்டால் எந்த மாவட்டத்திலும் உண்டு என்பார். எலும்பு புளோரோசிஸை எக்ஸ்ரே, மருத்துவர் இல்லாமல் கேள்வித்தாளில் சொல்ல முடியாது. அந்தப் பகுதியை முழுதாக விட்டுவிட்டால் ஆய்வு உயரும்.

பல்லை மட்டும் எடுங்கள், ஆனால் நேரம் தெரிந்து எடுங்கள். நிரந்தரப் பற்களின் எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு) பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை உருவாகிறது. அந்த வருடங்களில் குடித்ததுதான் பல்லில் எழுதப்படும். பதினைந்து வயதுப் பிள்ளையின் பல்லையும் இந்த டிசம்பரில் எடுத்த தண்ணீரையும் நேருக்கு நேர் வைத்தால், நடுவில் ஏழு வருட இடைவெளி. ஆகவே 12 முதல் 15 வயது வரை, அந்த ஊரிலேயே பிறந்து எட்டு வயது வரை வேறெங்கும் போகாத பிள்ளைகள் மட்டும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. பிள்ளையும் கூடப் போயிருக்கும். தாயிடம் வருடம் வருடமாகக் கேளுங்கள். வால்வு சொன்ன 'ஆற்று நீர் வந்த வருடம்' இங்கேதான் உதவும்: அதற்கு முன் பிறந்த அண்ணன், பின் பிறந்த தம்பி, ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்படி ஜோடிகள் கிடைத்தால் அந்தச் சிறு அட்டவணை உங்கள் ஆய்வின் மற்றெல்லாவற்றையும் விடப் பேசும்.

பார்ப்பது, பல் புளோரோசிஸின் கடுமைக்கு மதிப்பெண் தரும் டீன் குறியீட்டின்படி. இயல்பு 0, சந்தேகம் 0.5, மிக லேசு 1, லேசு 2, நடுத்தரம் 3, கடுமை 4. மிக அதிகம் பாதித்த இரண்டு பற்களை வைத்து மதிப்பெண். இரண்டும் சமமாக இல்லையென்றால் குறைவாகப் பாதித்த பல்லின் மதிப்பெண்ணையே எழுத வேண்டும். கூடியதை எழுதுவது வழக்கமான தவறு. புளோரோசிஸ் இடமும் வலமும் ஒத்திருக்கும், பல்லின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஓடி ஓரம் தெளிவில்லாமல் கரையும். ஒரே ஒரு பல்லில் வட்டமாக, ஓரம் வெட்டினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு என்றால் அது வேறு, பால்பல் காலத்தில் பட்ட அடியாக இருக்கலாம்.

ஊர் மதிப்பெண் போடும் விதம்: 50 பிள்ளைகளில் இயல்பு 15, சந்தேகம் 10, மிக லேசு 12, லேசு 8, நடுத்தரம் 4, கடுமை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0 + 5 + 12 + 16 + 12 + 4 = 49. ஐம்பதால் வகுத்தால் 0.98. 0.6-ஐத் தாண்டினாலே பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது டீனின் அளவுகோல்.

இதை நீங்கள் நால்வரும் பார்க்காதீர்கள். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொதுச் சுகாதாரத் துறையுடன் சேருங்கள், அவர்களுக்கும் களம் வேண்டும். பார்ப்பவர் இருவர், முதலில் இருபது பிள்ளைகளைத் தனித்தனியே பார்த்துக் காப்பா மதிப்பு (இருவர் கணிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) எடுக்கட்டும். 0.6-க்குக் கீழே என்றால் மறுபடி பயிற்சி. பகல் வெளிச்சம், பஞ்சால் துடைத்த பல். டார்ச் அடித்தால் எனாமல் மினுக்கத்தில் மிக லேசானது மறைந்துவிடும்.

நெறிமுறைக் குழு அனுமதி முதலில், களம் பிறகு. அது வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், இன்றே விண்ணப்பியுங்கள். பள்ளியில் பார்ப்பதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் மூன்றும் தனித்தனி. தலைமையாசிரியர் 'பாத்துக்கோங்க' என்றது இந்த மூன்றில் எதுவும் ஆகாது.

சராசரி எழுதியது:

சுருக்கமாக. 300 வீடு என்றாலும் உங்களிடம் இருப்பது 300 தண்ணீர் அல்ல. ஒரே தொட்டியைக் குடிக்கும் 25 வீட்டுக்கும் ஒரே புளோரைடு எண்ணை எழுதி, 300 வரிசையில் தொடர்புக் கெழு போட்டால் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.001 என்று அழகாக வரும். அது பொய். 12 ஊர் என்றால் ஊர் மட்டத்தில் 12 புள்ளிதான். அதற்கு ஸ்பியர்மேன் (தர வரிசையை வைத்துப் பார்க்கும் தொடர்புக் கெழு) போட்டு, சிதறல் வரைபடத்தில் ஊர்ப் பெயர் எழுதிக் காட்டுங்கள். குடத்துத் தண்ணீரை வீடு வீடாக அளந்த, ஊருக்கு ஐந்து வீடுகளுக்கு மட்டும் வீட்டு மட்டக் கணக்கு.

பிள்ளைகள் எத்தனை பேர்? 40 சதவீதம் பாதிப்பு என்று எதிர்பார்த்து, 10 சதவீதப் புள்ளி முன்பின் போதுமென்றால், 4 × 0.4 × 0.6 ÷ 0.01 = 96. ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒத்திருப்பார்கள் என்பதால் இரண்டால் பெருக்கி 192. ஊருக்கு 16 பேர். நான்கு மாதத்தில் முடியும். சின்னக் குக்கிராமத்தில் 12 முதல் 15 வயதில் 16 பேர் கிடைக்கமாட்டார்கள், அங்கே இருக்கும் எல்லாரையும் பார்த்துவிட்டுப் பெரிய ஊரில் ஈடுகட்டுங்கள்.

கண்டறியும் வரம்புக்குக் கீழே வந்ததைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், 'வரம்புக்குக் கீழ்' என்றே எழுதி, சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பயன்படுத்துங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் மழைக்குப் பிந்தைய நிலை மட்டுமே. மே மாத அளவைப் பற்றி ஒரு வரியும் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. தலைப்பில் உள்ள 'மாவட்டம்', 'மக்கள் நலன்' இரண்டையும் வெட்டுங்கள்.

நீர்_நான்கு எழுதியது:

சொட்டு விட்டுப் பார்த்தோம். விடாதது 1.2, விட்டது 0.9. குளோரின்தான். மின்முனைக்கே மாறுகிறோம். மூட்டு வலிக் கேள்வி போய்விட்டது, தலைப்பும் மாறுகிறது. ஒன்று மட்டும்: முடிவை ஊருக்கு எப்படிச் சொல்வது? போரில் சிவப்பு வண்ணம் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

வால்வு எழுதியது:

அடிக்காதீர்கள். ஒரு முறை எடுத்த அளவுக்காக வண்ணம் அடித்துவிட்டு, மறுமுறை 1.3 வந்தால் அழிப்பது யார்? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் 1.0 என்பது ஏற்கத்தக்க அளவு, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை. 1.5-ஐத் தாண்டிய ஒவ்வொரு போரிலும் இன்னொரு நாள் மறுபடி எடுத்து, ஒரு பாட்டிலைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் கொடுங்கள். பஞ்சாயத்து உங்கள் தாளைவிட அந்தத் தாளை மதிக்கும், அது நியாயமும்கூட.

வீட்டுக்கு: குடம் அளந்த வீடுகளுக்குத் தனிச் சீட்டு, பெயர் அந்த வீட்டுச் சீட்டில் மட்டும். 'உங்கள் குடிதண்ணீர் 0.6, களித் தண்ணீர் 2.4. களிக்கும் சோற்றுக்கும் ஆத்துத் தண்ணியே ஊற்றுங்கள், போர் தண்ணி குளிக்க, துவைக்க.' இதற்கு மேல் எழுத வேண்டாம். கையில் மாற்று இல்லாத வீட்டில் 'இதைக் குடிக்காதீங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பயமுறுத்தல்.

ஊருக்கு: கிராம சபை. ஜனவரி 26 உங்களுக்குச் சீக்கிரம், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை சரியாக அமையும். ஊர் அளவு எண்களை மட்டும் வையுங்கள், எந்தப் பிள்ளையின் பல்லையும் படமாகக் காட்டாதீர்கள். பத்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வரும்போதும் அந்தப் படம் ஊரில் இருக்கும். சபையில் கேட்கும் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ஆற்று நீரும் போர் நீரும் தனித்தனித் தொட்டியில் விழட்டும், அதுவரை எந்த நாள் எது வருகிறது என்று பலகையில் எழுதட்டும். ஆபரேட்டரிடம் முன்னாலேயே பேசிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சபையில் குற்றம் அவர் தலையில் விழும்.

குடுவை எழுதியது:

ஆர்சனைட் விட்ட மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றவில்லையே? ஸ்பேட்ன்ஸ் கழிவில் ஜிர்கோனியமும் நிறைய அமிலமும் இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கேனில், பெயரும் தேதியும் எழுதி மூடி வையுங்கள். வேதியியல் துறையின் அபாயகரக் கழிவு போகும்போது அதோடு போகட்டும்.

நீர்_நான்கு எழுதியது:

ஊற்றவில்லை சார், பீக்கரிலேயே இருக்கிறது. இப்போதே கேனுக்கு மாற்றிவிடுகிறோம்.